சோளத்துக்குப் பின்னால் மச்சாள் வளர்த்த கஞ்சா

என் கணவரின் அக்காவை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததை வாசித்துவிட்டு, பயத்தில் செய்தாள், களைப்பில் செய்தாள் என்று யாரும் எனக்காகச் சமாதானம் தேட வேண்டாம்.

எங்கள் வழக்கில் கணவரின் அக்காவும் மச்சாள்தான். மச்சாள் கலியாணம் கட்டி வன்னிக்குப் போனவர். போரின் கடைசி மாதங்களில் கணவரை இழந்தார். இடது தொடையில் ஷெல் துண்டுகள் பாய்ந்தன. எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, மீதியை உள்ளே விட்டுத் தைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பல வருடங்கள் தனியாக ஒரு காணியில் மிளகாயும் கச்சான் கடலையும் போட்டு வாழ்ந்தவர், ஐம்பத்தெட்டு வயதில் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். அகதி விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. லா சப்பலில் எங்கள் வீட்டு ஹோலில் வந்து படுத்தார். "ஒரு இடம் கிடைக்கும்வரைதானே," என்றார் என் கணவர். இரண்டு வருடம் இடம் கிடைக்கவில்லை.

எங்கள் வீடு நாலாம் மாடி. லிஃப்ட் இல்லை. ஒரு அறை, ஒரு ஹோல், இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத குசினி. மச்சாள் ஒவ்வொரு முறை மாடி ஏறி வரும்போதும் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு என்னைத்தான் பார்ப்பார், அந்தப் படிகளை நான்தான் கட்டினேன் என்பதுபோல. என் கறியில் தூள் காணாது என்பார். என் சோறு குழைந்தது என்பார். நான் காலை எட்டு மணியிலிருந்து ஒரு தமிழ் உணவகத்தின் குசினியில் நின்று ரோல்ஸ் சுற்றி, இடியப்பம் பிழிந்துவிட்டு வருகிறவள். வீட்டுக்கு வந்து ஒரு வாய் பேச்சுக் கேட்க எனக்குத் தெம்பிருக்காது. பதில் சொல்ல மட்டும் தெம்பிருக்கும்.

கால் நோகிறது என்று மச்சாள் மூன்று முறை என்னிடம் கேட்டார், வைத்தியரிடம் கூட வரச்சொல்லி. எங்கள் வீட்டில் ஒழுங்காகப் பிரெஞ்சு கதைக்கிறவள் நான் மட்டும்தான். கணவர் கடையொன்றின் கிடங்கில் தமிழரோடு தமிழில் வேலை செய்தே காலம் போக்கியவர். மூன்று முறையும் எனக்கு வேலை என்றேன். இரண்டு முறை அது உண்மை. மச்சாள் தனியாகப் போய், தொடையைக் காட்டி, சாதாரணக் குளிசைகளோடு திரும்பி வந்தார். அந்தக் குளிசைகள் தலையிடிக்குக்கூடக் காணாது.

என்னிடம் இருந்த ஒரே சந்தோஷம், பக்கத்துப் புறநகரான ஒபர்வில்லியேயில் இருந்த தோட்டத் துண்டு. அங்கே ஒரு சங்கம் நகரவாசிகளுக்குச் சின்னச் சின்னத் துண்டுகளாக நிலம் கொடுக்கிறது. ஐந்து வருடம் பட்டியலில் காத்திருந்து எனக்கு அது கிடைத்தது. எங்கள் ஹோலைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் ஓய்வுபெற்ற ரயில் ஊழியர் ஒருவருடைய துண்டு. உணவகத்துக்கு லீவு நாளான திங்கட்கிழமையும், ஞாயிறு பின்னேரமும் நான் அங்கேதான். போஞ்சி, தக்காளி, மிளகாய், வெண்டி. யாரும் என்னைக் கூப்பிடாத இடம் அது ஒன்றுதான்.

"அக்காவையும் கூட்டிக்கொண்டு போமன்," என்றார் கணவர் ஒரு சித்திரையில். "அவவுக்கு மண் பழக்கம். வீட்டுக்குள்ளை கிடந்து விசராகப் போறா."

"அது என்ரை இடம்."

"இடம் எண்டால் பங்கு போடலாம்தானே?"

நான் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாளே மச்சாள் என் தக்காளிக் கன்றுகளைப் பார்த்து, "நெருக்கமா வைச்சிருக்கிறாய், ஒண்டும் உருப்படாது," என்று சொல்லி, என்னைக் கேட்காமலே ஒன்றுவிட்டு ஒன்றைப் பிடுங்கி எறிந்தார். நான் தண்ணீர் வாளியை அவர் காலடியில் ஊற்றினேன். கை தவறி ஊற்றியதல்ல. அடுத்த வாரம் கணவர் வந்து நிலத்தின் குறுக்கே ஒரு கயிறு கட்டினார். முன்பக்கம் எனக்கு, மதிலோடு சேர்ந்த பின்பக்கம் மச்சாளுக்கு. மச்சாள் கயிற்றோரமாகச் சோளம் போட்டார், நெருக்கமாக, இரண்டு வரிசை. என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் போடுகிறார் என்று நினைத்தேன்.

ஆனி மாதம் ஒருநாள், சோளம் என் இடுப்பளவு வந்திருந்தபோது, அதன் இடைவெளியில் வேறொரு பச்சையைக் கண்டேன். விரல் விரித்ததுபோல இலை, ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக. ஐந்து செடி நின்றது. எட்டு போட்டதாகவும், மூன்றை நத்தை தின்றதாகவும் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

"என்ன மச்சாள் உது?"

"செவ்வந்தி. பூக்கும், பொறுத்துப் பார்."

செவ்வந்தி இலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். நான் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போகும்போது, எங்கள் தெரு முடக்கில் தொலைபேசிக் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் கடையின் பலகையைப் பார்த்தேன். வருடக்கணக்காக அந்த வழியாக நடக்கிறேன். போதை தராத கஞ்சாப் பூவும் எண்ணெயும் சட்டப்படி விற்கிற கடை அது. பச்சை விளக்கில் ஒரு இலை எரிந்துகொண்டே இருக்கும். அன்றைக்குத்தான் அந்த இலையின் விரல்களை எண்ணினேன். எண்ணிக்கொண்டு நின்றதில் வேலைக்குப் பிந்திப் போனேன். முதலாளியம்மா ஏசினார். எனக்குக் காதில் விழவில்லை. அந்த வருடம்தான் நான் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்துக்குக் கடிதம் வரும் என்று தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு தரம் திறந்துகொண்டிருந்தேன். அந்தத் தோட்டத் துண்டு என் பெயரில் இருந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போனேன். மச்சாள் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், சோளத்துக்குப் பின்னாலை நிக்கிறது செவ்வந்தி இல்லை."

"சரி. இல்லை."

"உது கஞ்சா."

"ஓம்." வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவு நாளும் உனக்குக் கண் தெரியேல்லையோ?"

"என்ரை பெயரிலை இருக்கிற காணியிலை கஞ்சா போட்டிருக்கிறியள். பொலிஸ் வந்தால் என்னையல்லோ கொண்டு போவான்?"

"உந்த முடக்குக் கடையிலை லைட்டுப் போட்டு விக்கிறாங்கள். அவங்களைக் கொண்டு போறானோ?"

"அவங்களிட்டைப் பேப்பர் இருக்கு. உங்களிட்டை இருக்கோ?"

அப்போதுதான் கத்தியை வைத்தார். "கடைசி நேரம் அங்கை ஒரு குளிசை இல்லை. ஒரு நாட்டுப் பரியாரியார் இந்த இலையைப் பால்மாவிலை காய்ச்சித் தந்தவர். அண்டைக்கு நான் நித்திரை கொண்டனான். அதுக்குப் பிறகு ஒழுங்கா நித்திரை கொண்டதே இல்லை. உன்னை வைத்தியரிட்டை வாவெண்டு கேட்டனான். நீ வரேல்லை. நான் என்ரை மருந்தை நானே போடுறன்."

"விதை எங்காலை?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டில் குருவிகளுக்குப் போடும் தீவனப் பை விற்கிறார்கள். அதற்குள் பல விதை கலந்திருக்கும். பையின் கண்ணாடித்தாளுக்கூடாகப் பார்த்து, சாம்பல் நிறத்தில் புள்ளி போட்ட உருண்டை விதையை அடையாளம் கண்டுகொண்டாராம். பையை வாங்கி வந்து, ஒரு பேப்பரில் கொட்டி, பொறுக்கி எடுத்திருக்கிறார். அந்தச் செடியை அவர் ஒருநாளும் வளர்த்ததில்லை. மிளகாய்க்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்தார்.

கணவர் வந்ததும் இரண்டு பேரும் அவரை நடுவில் வைத்துக் கத்தினோம். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மூண்டு மாதம்தானே? அங்கை ஆர் வந்து பாக்கப் போயினம்?" என்றார். பிறகு தொலைக்காட்சியைப் போட்டார். அவர் கோழை. அதை அவருக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் வேலையில் இடைவேளை நேரம், உணவகத்தின் பின்முற்றத்தில் பால் பெட்டியொன்றைக் கவிழ்த்து வைத்து இருந்துகொண்டு, தொலைபேசியில் தேடினேன். வெளியில் கஞ்சா வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு என்று பிரெஞ்சில் பக்கம் பக்கமாக இருந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கத்தான் தொடங்கினேன். ஆனால் மற்றதையெல்லாம் வாசித்துவிட்டேன். நத்தை, எறும்பு, அதிகத் தண்ணீர். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பது. ஆணை விட்டுவைத்தால் பெண் செடி பூவை விட்டுவிட்டு விதை பிடிக்கப் போய்விடும் என்பது. இந்த நாட்டுப் புரட்டாதி மழையில் பூவுக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்பது. கடைசியில், தொடக்ககாரர் விடும் பிழைகளில் ஒன்றாக, ஒரு வரி: குருவித் தீவனத்தில் வருகிற விதை நாருக்காக வளர்க்கும் கஞ்சாச் சணல் இனம். அதே இலை, அதே மணம். ஆனால் தேடுகிற குணம் அதில் கிட்டத்தட்ட இல்லை.

நான் சிரித்தேன். பாத்திரம் கழுவுகிறவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அன்று பின்னேரமே அதைச் சொல்லியிருக்கலாம். "மச்சாள், உது வைக்கோல். பிடுங்கி எறியுங்கோ," என்று ஒரு வசனம். சொன்னால் அவரே பிடுங்கியிருப்பார். என் பயமும் தீர்ந்திருக்கும். நானாகவே ஒரு திங்கட்கிழமை போய் ஐந்தையும் பிடுங்கியிருக்கவும் முடியும். கணவர் கோபிப்பார் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் நான் மச்சாள் தோற்பதைப் பார்க்க விரும்பினேன். மண் தெரிந்தவர், என் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தவர், மூன்று மாதம் முழங்காலில் நின்று ஒன்றுக்கும் உதவாத செடியை வளர்த்து முடிக்கட்டும் என்று இருந்தது. பயத்தைவிட அந்த ஆசை பெரிதாக இருந்தது.

ஆடி மாதம் செடிகள் சோளத்தைத் தாண்டப் பார்த்தன. மச்சாள் அவற்றின் தலையை வளைத்து நூலால் கட்டி, அடியில் கல்லை வைத்தார். இரண்டு செடியில் கொத்துக் கொத்தாகச் சின்னப் பைகள் தொங்கின. ஆண். எனக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. மச்சாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், முதல் முறையாகக் கொஞ்சம் சந்தோஷத்தோடு. "பார், இதுகள்தான் முந்திப் பூக்குது. நல்ல சாதி."

"ஓம்," என்றேன். "நல்ல சாதி."

காற்றடித்தபோது மஞ்சள் தூள் பறந்து மற்ற மூன்று செடிகளிலும் படிந்தது. நான் என் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்துத் துண்டுக்காரருக்கு என்னை மூன்று வருடமாகவே பிடிக்காது. என் போஞ்சிப் பந்தலின் நிழல் அவருடைய ஸ்ட்ராபெரியில் விழுகிறது என்று சங்கத்துக்கு இரண்டு கடிதம் எழுதியவர். ஆவணி முதல் ஞாயிறு, மச்சாள் தண்ணீர் எடுக்கப் போன நேரம், அவர் வேலிக்கு அருகே வந்து நின்றார்.

"மதாம், உங்கள் சோளம் அழகாக வந்திருக்கிறது."

நன்றி சொன்னேன்.

"அதற்குப் பின்னால் நிற்பதும் அழகாகத்தான் வந்திருக்கிறது. நான் முப்பது வருடம் தண்டவாளக் கரையில் வேலை செய்தவன். என்னென்ன செடி எங்கே முளைக்கும் என்று எனக்குத் தெரியும்."

நான் ஒரு வெண்டிக்காயை முறித்தெடுத்தேன்.

"உங்கள் போஞ்சிப் பந்தலை வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள். எடுத்தால் என் கண் பழையபடி மங்கலாகிவிடும். எடுக்காவிட்டால் நான் சங்கத்துக்கு எழுத மாட்டேன். நேரே பொலிசுக்குப் போவேன். உங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு சிக்கல் என்று உங்களுக்கே தெரியும்."

உங்களைப் போன்றவர்கள் என்று அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த நேரம் அவரை அடித்திருக்கலாம். மச்சாளையும் அடித்திருக்கலாம். எடுத்தது கத்திதான், வெட்டியது என் போஞ்சியை. அந்த வருடம்போல அது ஒருநாளும் காய்த்ததில்லை. பூவும் பிஞ்சுமாகத் தொங்கியது. அடியோடு வெட்டி, தடிகளைப் பிடுங்கி அடுக்கினேன். அவர் தன் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வாளியோடு வந்த மச்சாள் திகைத்து நின்றார். "உனக்கென்ன விசரோ? ஏன் காய்க்கிறதை வெட்டுறாய்?"

"உங்கடை செவ்வந்திக்காக. அந்தாள் கண்டிட்டான்."

மச்சாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பக்கத்துக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினார். மன்னிப்புக் கேட்கவில்லை. புரட்டாதி முடியமுன் வெட்டிவிடுவதாக மட்டும், ரயிலில் வரும்போது, யன்னலைப் பார்த்துச் சொன்னார்.

புரட்டாதி தொடக்கத்தில் ஒரு செடியை வெட்டி, பழைய பேப்பரில் சுற்றி, மரக்கறிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் கயிறு கட்டிக் காயவிட்டார். வீடெல்லாம் மணம். நான் சாம்பிராணி போட்டேன், மீன் பொரித்தேன், யன்னலைத் திறந்து வைத்தேன். மாடிப்படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் மூச்சை நிறுத்திக்கொண்டேன். நேர்முகத்துக்கான கடிதம் அந்தக் கிழமைதான் வந்தது. மேசையில் அந்தக் கடிதம், அதற்கு நேர்மேலே அந்த இலை.

மச்சாள் இலையைப் பாலில் காய்ச்சிக் குடித்தார். ஆச்சரியம், மூன்று நாள் நன்றாக நித்திரை கொண்டார். காலையில் எழும்பித் தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார், எனக்கும் சேர்த்து. "கால் இண்டைக்குப் பஞ்சு மாதிரி இருக்கு," என்றார். நான் அந்தத் தேத்தண்ணியைக் குசினித் தொட்டியில் ஊற்றினேன். குணமில்லாத இலை என்று எனக்குத் தெரியும். நம்பிக்கையில் நித்திரை வருகிறதா, இல்லை நான் வாசித்த இணையப் பக்கத்தில் பொய் எழுதியிருந்ததா என்று யோசித்தேன். அப்போதும் சொல்லவில்லை. சொன்னால், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

பிறகு ஒரு கிழமை மழை. விடாத மழை. திங்கட்கிழமை போனபோது மீதி இரண்டு பெண் செடிகளும் விதை பிடித்துத் தலை சாய்ந்து நின்றன. மதிலில் குருவிகள் வரிசையாக இருந்தன. மச்சாள் கை தட்டித் துரத்தினார். பூங்கொத்தைப் பிரித்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல இருந்தது. அன்று தொலைபேசியில் பார்த்த படம் அப்படியே.

"பால் பிடிச்சிருக்கு," என்றார் மச்சாள். "முத்தினால் உப்பிடித்தான் வரும்."

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அது பூஞ்சணம், குடிக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுக்கூடத் தேவைப்பட்டிருக்காது. என் போஞ்சி நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கிழமை மச்சாள் அதில் ஒரு செடியை வெட்டி வந்து காய்ச்சிக் குடித்தார். பழையது போல நித்திரை வரவில்லை என்று அளவைக் கூட்டினார். வெள்ளிக்கிழமை காலையில் சத்தி எடுக்கத் தொடங்கினார். தண்ணீர்கூட நிற்கவில்லை. மத்தியானம் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்றார். கணவர் உணவகத்துக்கே ஓடிவந்தார். "நீர் வந்துதான் ஆகவேணும். எனக்கு அங்கை கதைக்கத் தெரியாது." அவர் குரல் அப்படி இருந்ததை நான் அதுவரை கேட்டதில்லை. ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போனேன்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் வைத்தியர். மச்சாள் கட்டிலில், கையில் ஊசி. கணவரை வெளியில் இருக்கச் சொன்னார்கள்.

"இரண்டு நாளில் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று கேளுங்கள்," என்றார் வைத்தியர்.

நான் மச்சாளிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததை நேரே சொன்னேன். பிரெஞ்சில் வேகமாகச் சொன்னால் அவருக்கு விளங்காது என்று நினைத்தேன். தோட்டத்தில் வளர்த்த சணல், குருவித் தீவன விதையிலிருந்து வந்தது, மழையில் பூஞ்சணம் பிடித்தது, அதைப் பாலில் காய்ச்சிக் குடித்தார். வைத்தியர் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார். "பூஞ்சணம் என்று அவருக்குத் தெரியுமா?"

"இல்லை."

"உங்களுக்கு?"

நான் பதில் சொல்லமுன் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "உவாஸோ எண்டு என்ன சொன்னனீ?"

திரும்பினேன். உவாஸோ என்றால் பிரெஞ்சில் குருவிகள். தீவனப் பையில் பெரிய எழுத்தில் இருந்த சொல். மச்சாளுக்குத் தெரிந்த பத்துப் பிரெஞ்சுச் சொல்லில் அது ஒன்று.

"விதையைப் பற்றிச் சொன்னனான்."

"விதைக்கு என்ன?"

"அது மருந்து இல்லை மச்சாள். குருவிச் சாப்பாட்டு விதை வேறை இனம். அதிலை ஒண்டும் இல்லை."

"எப்ப அறிஞ்சனீ?"

பொய் சொல்லலாம். இப்போது வைத்தியர் சொன்னவர் என்று சொல்லலாம். ஏனோ சொல்ல வரவில்லை. "ஆனியிலை."

மச்சாள் விரலில் எண்ணினார். உண்மையாகவே எண்ணினார், ஊசி ஏற்றாத கையால். "பூஞ்சணமும் தெரியுமோ?"

"ஓம்."

"நான் குடிக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டனீ."

"ஓம்."

வைத்தியர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

"கோபமாக இருக்கிறார்," என்றேன். எனக்கு அந்த நேரம் அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு வரவில்லை.

மச்சாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திரும்பும்போது தொடை நொந்து ஒரு சத்தம் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு போட்ட சத்தம். வைத்தியர் போர்வையை விலக்கி அந்தத் தழும்பைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். எவ்வளவு காலம் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். இதற்கு யாரிடம் காட்டினீர்கள் என்றார். யாரிடமும் ஒழுங்காகக் காட்டவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். மொழி தெரிந்தவர் வரவில்லை என்றேன். தீராத வலிக்கான பிரிவுக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

ஒரு இரவு வைத்திருந்து மச்சாளை விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் தன் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னார், நான் பக்கத்தில் இருக்கும்போதே, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல். இருபது வருடத்தில் என்னிடம் குரல் உயர்த்தாத மனிதன் அன்றைக்கு மேசையில் அடித்தார். "நீர் அவவைக் கொல்லப் பாத்தனீர்."

"கொல்லப் பாக்கேல்லை."

"அப்ப என்ன பாத்தனீர்?"

தோற்கட்டும் என்று நினைத்தேன், செத்துப்போகட்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் சத்தி எடுக்கத் தொடங்கிய காலையில் நான் வேலைக்குப் போனேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"உமக்கும் பங்கு இருக்கு," என்றுதான் அவருக்குச் சொன்னேன். "தொலைக்காட்சியைப் போட்டது நீர்." ஒரு மாதம் கதைக்காமல் இருந்தோம்.

ஞாயிறு நான் தனியாகத் தோட்டத்துக்குப் போய் மீதியெல்லாவற்றையும் பிடுங்கினேன். வேர் லேசில் வரவில்லை. துண்டு துண்டாக வெட்டி, உரக்குழியில் போட்டு, மேலே சோளத்தட்டையைப் போட்டு மூடினேன். பக்கத்துக்காரர் வேலிக்கு வந்து, "முடிந்ததா?" என்றார். "உங்களோடு கதைக்க எனக்கு ஒன்றுமில்லை," என்றேன். அவர் அதற்குப் பிறகும் சங்கத்துக்கு எழுதினார், இந்த முறை நான் அவமரியாதையாகப் பேசினேன் என்று. செடியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தது ஏன் என்று அவரையும் கேட்பார்கள்.

நேர்முகத்தில் அந்த அதிகாரி ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தோட்டம் என்றேன். என்ன பயிரிடுவீர்கள் என்று அவர் சும்மாதான் கேட்டிருப்பார். தக்காளி, போஞ்சி என்றேன், சோளத்தைச் சொல்லாமல். பதில் இன்னும் வரவில்லை.

மச்சாள் ஆர்ஜொந்தெய் என்ற புறநகரில் ஒரு ஒன்றுவிட்ட சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே லிஃப்ட் இருக்கிறது. அந்தச் சகோதரிக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆகவே வலிப் பிரிவில் நாள் கிடைத்தபோது கூட்டிக்கொண்டு போக என்னைவிட்டால் ஆளில்லை. கணவர் என்னிடம் கேட்கவில்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் லீவு எடுத்தேன்.

சென் லசார் ரயில் நிலையத்தில் மச்சாளைச் சந்தித்தேன். "வந்திட்டியோ?" என்றார். மெத்ரோவில் எனக்கு எதிர் ஆசனம் காலியாக இருந்தும், தள்ளிப் போய் இருந்தார். வைத்தியர் முன்னால் நான் மொழிபெயர்த்தேன். நெருப்பு வைப்பதுபோல வலி, மின்சாரம் பாய்வதுபோல வலி, துணி பட்டாலும் நோகும், ஒரு பக்கம் சரிந்து படுக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். இரண்டு வருடம் என் வீட்டு ஹோலில் படுத்திருந்தவர். இதில் ஒன்றையும் நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு இடத்தில் எனக்குச் சொல் வரவில்லை. வைத்தியர் காத்திருந்தார். மச்சாள், "என்ன, தெரியாதோ?" என்றார். கையால் காட்டினேன்.

நரம்பு வலிக்கென்று வேறு குளிசை கொடுத்தார்கள். முதல் மாதம் தலை சுற்றியது. அளவை மாற்றினார்கள். நான்கு முறை போனோம். இப்போது அவர் ஐந்து மணி நேரம் தொடர்ந்து நித்திரை கொள்கிறார். வலி போகவில்லை, பாதியாகிவிட்டது என்று வைத்தியரிடம் சொன்னார். வைத்தியருக்கு நன்றி சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கடைசி முறை, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று வைத்தியர் சொன்னார். அதை மொழிபெயர்த்தேன்.

"நல்லது," என்றார் மச்சாள். "ஆறு மாதம் உன்ரை முகத்தைப் பாக்கத் தேவையில்லை."

"எனக்கும் அதுதான் சந்தோஷம்."

சென் லசாரில் ரயில் வந்து நின்றது. படி உயரம். அவர் இடது காலைத் தூக்கி வைக்க முடியாமல் ஒரு கணம் நின்றார். நான் முழங்கையைப் பிடித்தேன். உதறவில்லை. ஏறி, உள்ளே போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். ரயில் வெளிக்கிட்டது. காலைக்கு மட்டும்தான் லீவு, இரண்டு மணிக்கு வேலை. படியால் இறங்கி மெத்ரோவுக்கு நடந்தேன்.